மலேசியாவுல மஜ்லிஸ்கிட்ட (உள்ளாட்சி மன்றம்) கணக்கு கேக்குறது எப்படி? ஊர் பேர போட்டு கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

ஜெலுத்தோங்: எங்க லோங்காங் (சாக்கடை) வேலைக்கு எவ்ளோ காசு குடுத்தாங்கன்னு கேக்கலாமாண்ணே?

தாராளமா. பினாங்குல தகவல் சுதந்திர சட்டம் 2015 ஜனவரி 1-லேருந்து நடப்புல இருக்கு, ஆனா பாதிப் பேருக்குத் தெரியாது. "எல்லா விவரமும் குடுங்க"ன்னு எழுதாதீங்க, எந்த ரோடு, எந்த வருஷம், எந்த காண்ட்ராக்ட்னு பிச்சு பிச்சு கேளுங்க, பொத்தாம்பொதுவா கேட்டா பதிலும் அப்படித்தான் வரும், நான் மொத தடவ அப்படி கேட்டு ரெண்டு வரி லெட்டர் வாங்குனவன். மனு காப்பில சாப் (முத்திரை) குத்தி வாங்கிக்கோங்க. ஆனா ஒன்னு, 1972 அதிகாரப்பூர்வ ரகசியச் சட்டம் ஃபெடரல் (மத்திய அரசு) சட்டம், ஃபைல்ல ரகசியம்னு முத்திரை இருந்தா மாநில சட்டம் முட்டி மோத முடியாது.

செந்தூல்: கேஎல்ல (கோலாலம்பூர்) எப்படி?

கேஎல் ஃபெடரல் டெரிட்டரி, சட்டமன்றமே இல்ல, அப்புறம் எங்க மாநில சட்டம்? அடுவான் (புகார்) போட்டு புகார் நம்பர் வாங்குங்க.

செலாயாங்: எங்களுக்கும் இல்லதானே?

நீங்க சிலாங்கூர்மா! உங்க சட்டம் 2011-லயே பாஸ் ஆயிருச்சு.

பட்டர்வொர்த்: எதுக்கு இவ்ளோ பேப்பர், டிக்டாக்ல போட்டா மறுநாளே குழிய மூடுறாங்க.

மூடுவாங்க, இல்லன்னு சொல்லல. அடுத்த மழைக்கு திரும்ப தொறந்தா, யாரு காண்ட்ராக்ட், யாரு செக் பண்ணி கையெழுத்து போட்டதுன்னு வீடியோ சொல்லுமா?

பட்டர்வொர்த்: நம்பர் வச்சிருக்கிறவங்க மட்டும் என்னத்த கிழிச்சாங்க?

சரி, அதுவும் நியாயம்தான், என் நம்பர் ஒன்னு எட்டு மாசமா தூங்குது. ஆனா கவுன்சிலர்கிட்ட போய் தேதியோட காட்ட முடிஞ்சுது, அவரால "தெரியாதே"ன்னு நழுவ முடியல. ரெண்டையும் பண்ணுங்கப்பா, நம்பர் மொதல்ல, டிக்டாக் அப்புறம்.

பேரு வேணாம்: எங்க ஒப்பிஸ்ல பொய்யான பில்லு, போட்டோ எடுத்து வச்சிருக்கேன். குரூப்ல போடவா?

போடாதீங்க! தகவல் தர்றவங்களுக்கு பாதுகாப்பு குடுக்குற 2010 சட்டம், ஆக்ட் 711, எஸ்பிஆர்எம் (ஊழல் தடுப்பு ஆணையம்) மாதிரி அமலாக்க ஏஜென்சிகிட்ட போறவங்களுக்குத்தான். வாட்ஸ்அப்ல பரப்புறதுக்கு அந்தப் பாதுகாப்பு கெடையாது. எங்கிட்டயும் அனுப்பாதீங்க.

ஈப்போ: கவர்மெண்ட் சிஸ்டத்துலேருந்து என் ஐசி (அடையாள அட்டை) விவரம் லீக் ஆச்சு, பிடிபிஏல (தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்) கேஸ் போடலாமா?

2010 பிடிபிஏ, ஃபெடரல், ஸ்டேட் ரெண்டு கவர்மெண்டுக்கும் பொருந்தாது. வக்கீல பாருங்க.

கெப்போங்: கேஎல்ல தகவல் சட்டம்...

மேல செந்தூலுக்கு சொன்னத படிங்க.

ஆயர் ஈத்தாம்: அடுவான் போட்டேன், ஒன்னும் நடக்கல.

நம்பர் என்ன?

ஆயர் ஈத்தாம்: போன்லதான் சொன்னேன்...

ஐயோ.