கக்கும் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று மாதம். பால் குடித்ததும் அடிக்கடி கக்குகிறான். மல்லாக்கப் போட்டால் புரையேறிவிடும் என்று மாமியார் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுக்கிறார். இரவில் எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்குகிறான். இரண்டு வயது மூத்தவளும் அதே கட்டிலில் சுவரோரமாகப் படுக்கிறாள். இது சரியா?

பதில்: உங்கள் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு காலத்தில் மருத்துவர்களே குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்கள், காரணமும் இதே பயம்தான். என்னிடம் வரும் பாட்டிமார்களுக்கு மருந்துச் சீட்டின் பின்பக்கம் இரண்டு குழாய்களை வரைந்து காட்டுவேன். குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் அதற்கு அடியில் இருக்கும். கக்கும் பால் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டுமானால் மேலே ஏற வேண்டும். அதற்குள் குழந்தை அதை விழுங்கிவிடும், இல்லை துப்பிவிடும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடுகிறது. ஒருக்களித்துப் படுத்த குழந்தையோ தூக்கத்தில் எளிதாகக் குப்புறச் சரிந்துவிடும்.

அமெரிக்காவில் 1994இல் ‘மல்லாக்கப் படுக்க வையுங்கள்’ என்ற பிரசாரம் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் தூக்கத்தில் நேரும் திடீர்க் குழந்தை மரணங்கள் அங்கே ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இந்த ஆபத்து மிக அதிகமாக இருப்பது ஒன்று முதல் நான்கு மாதம் வரை. உங்கள் மகன் இப்போது அந்த வயதில் இருக்கிறான். அதனால் அந்தத் தலையணைகளை இன்றிரவே எடுத்துவிடுங்கள். முகம் அதில் புதைந்தால், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுப்பான். அதிலிருந்து முகத்தை விடுவித்துக்கொள்ளும் பலம் இந்த வயதில் போதாமல் போகலாம்.

உங்கள் அறையிலேயே, கை எட்டும் தூரத்தில் அவனுக்குத் தனித் தொட்டில் போடுங்கள். குறைந்தது ஆறு மாதம் வரை அப்படியே இருக்கட்டும். மெத்தை சமமாக, உறுதியாக இருக்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்துப் பாருங்கள். பள்ளம் அப்படியே நின்றால் அந்த மெத்தை வேண்டாம். இறுக்கமாக விரித்த ஒரு விரிப்பு போதும். போர்வை, பொம்மை எதுவும் உள்ளே கூடாது. குளிருமே என்று தோன்றினால் சட்டை ஒன்று கூடுதலாகப் போடுங்கள். கை கால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள், பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு அதிகம். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்கவே கூடாது.

இரவில் பால் கொடுக்கும்போது கண் அசந்துவிடுவது எந்தத் தாய்க்கும் நேர்வதுதான். விழித்ததும் அவனைத் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். ஆனால் சோபாவில் மட்டும் பால் கொடுத்தபடி தூங்கிவிடாதீர்கள், அது கட்டிலைவிடப் பல மடங்கு ஆபத்தானது.

அப்புறம், மூத்தவள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சின்னக் குழந்தைகள் சிக்கிக்கொள்வதுண்டு. சுவரைவிட்டுத் தள்ளி, தரையில் தாழ்வான மெத்தை போட்டால் அவளுக்குப் போதும். ஜன்னல் திரைக் கயிறு எட்டாமல் இருக்கட்டும். தம்பி பக்கத்தில் அவளைத் தூங்க விடாதீர்கள். பாசத்தில் அணைத்துக்கொண்டாலும் அவனுக்கு மூச்சு முட்டும்.

மகன் தானாகவே மல்லாந்த நிலையிலிருந்து குப்புறவும், குப்புற இருந்து மல்லாக்கவும் புரளத் தொடங்கிய பிறகு, மல்லாக்கப் படுக்க வைத்தால் போதும். தூக்கத்தில் புரண்டால் திருப்பிப் போட வேண்டியதில்லை. கழுத்து பலப்பட, விழித்திருக்கும் நேரத்தில் நீங்கள் அருகிலிருந்து குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

வாய் ஓரம் வழியும் கக்கலுக்குப் பயப்பட வேண்டாம். பச்சை நிறமாகவோ ரத்தம் கலந்தோ வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாமல் நின்றால் உடனே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.