டைல்ஸுக்கு அடியில் ஈரம்: வெள்ளவத்தைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி,

மதுரையிலிருந்து கொழும்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது, வெள்ளவத்தையில் மனைவி வீட்டாரின் பழைய ஃப்ளாட்டில் இருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். பாத்ரூமைப் புதுப்பிக்க டைல்ஸைத் தட்டினால் சுவர்ப் பூச்சும் சேர்ந்து விழுகிறது, தரையின் அடிக்கலவை ஈர மண்ணாக உதிர்கிறது. டைல் பாஸ் (இங்கே மேஸ்திரியை அப்படித்தான் சொல்வார்கள்) "இதன் மேலேயே பூசி ஒட்டிவிடலாம்" என்கிறார். வாங்கிய டைல்ஸில் எட்டு குறைகிறது, கடையில் அதே பேட்ச் தீர்ந்துவிட்டது. "வெளிநாட்டுக்காரன் என்று என்னை ஏமாற்றுகிறார்களா அக்கா?" என்பது உங்கள் கடைசிக் கேள்வி.

அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் யாரும் ஏமாற்றவில்லை. கடலோரத்துப் பழைய அடுக்குமாடியில் டைல்ஸைக் கழற்றினால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். நான் கும்பகோணத்திலிருந்து 2003-இல் இங்கே வந்தேன். 2014-இல் என் வீட்டு பாத்ரூமை உடைத்தபோது நீங்கள் சொல்லும் இதே காட்சியைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு யாராவது ஒரு வாரம் வேலையை நிறுத்தச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைத்தான் உங்களுக்குச் சொல்கிறேன். நிறுத்துங்கள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு டைல்கூட ஒட்ட விடாதீர்கள்.

என் வீட்டில் என்ன நடந்தது என்றால், சுவருக்குள் போன பழைய இரும்புப் பைப் துருப்பிடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை. பாஸ் மேலே பூசி அழகாக ஒட்டிக் கொடுத்தார். நாலு மாதத்தில் டைல்ஸ் ஒவ்வொன்றாக உப்பி எழுந்தது. அப்போதுதான் கீழ்வீட்டு அம்மாவிடம் போனேன். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு பாத்ரூம் சீலிங்கில் பெரிய கறை, கம்பி தெரிகிற அளவுக்குப் பூச்சு விழுந்திருந்தது. கீழே ஒரு பேசின் வைத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தார், இரண்டு வருஷமாக. "வெளியூரால வந்த பிள்ளை, எப்பிடிச் சொல்லுறது எண்டு இருந்தனான்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால்தான் சொல்கிறேன், இன்று மாலையே கீழ்வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். அவர்கள் சீலிங்கைப் பார்த்தாலே உங்கள் ஈரத்தின் கதை பாதி தெரிந்துவிடும். கறை பைப்புக்கு நேர் கீழே இருக்கிறதா, தரை ட்ரெயினை, அதாவது தண்ணீர் வெளியேறும் துளையைச் சுற்றி இருக்கிறதா, சுவர் ஓரமாக ஓடுகிறதா என்று படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, பைப்பைச் சோதியுங்கள். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைப் பாருங்கள், அது நகர்ந்தால் அழுத்தத்தில் இருக்கும் பைப்பில்தான் கசிவு. நகரவில்லை என்றால் கழிவு நீர் பைப், ட்ரெயின் வாய், அல்லது டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர். பழைய இரும்புப் பைப்பாக இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். சுவர் திறந்திருக்கும் இந்த நேரத்தை விட்டால் பிறகு புது டைல்ஸை உடைத்துத்தான் மாற்ற வேண்டும். தரையில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி வெளியே தெரிந்தால் பாஸிடம் கேட்டு முடிவெடுக்காதீர்கள், ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். கடல் காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்தால் கம்பி துருவேறி வீங்கும், வீங்கினால் கான்கிரீட்டைப் பிளக்கும். மேலே பூசி மறைத்தால் அது நிற்காது.

இன்னொன்று. உங்கள் கட்டடம் பதிவான அடுக்குமாடி என்றால், 1973-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்க அடுக்குமாடி வீட்டுரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம், அதாவது கட்டடத்தின் பொதுப் பகுதிகளைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு உரிமையாளர்களின் அமைப்பு, இருக்கும். பல வீடுகளுக்கும் பொதுவாக ஓடும் பைப்பில் கசிவு என்றால் அது உங்கள் தனிப் பொறுப்பு இல்லை, அவர்களிடம் எழுத்தில் கொடுங்கள். மனைவி வீட்டார் பெயரில் கொடுத்தால் நல்லது.

சரி, கசிவு சரியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். உதிர்கிற பூச்சை எல்லாம் கல் தெரியும் வரை தட்டி எடுக்க வேண்டும். பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது இங்கே பலர் செய்வதுதான், அடித்தளம் உறுதியாக இருந்தால் அது நிற்கவும் செய்யும். உங்கள் வீட்டில் அடித்தளமே இல்லை. அப்புறம் புதுச் சீமெந்துப் பூச்சு காய நேரம் வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர், நவம்பரிலும் நல்ல மழை. மதுரை வெயிலில் சீக்கிரம் காய்வது இங்கே நாள் கணக்கில் இழுக்கும். முதல் சில நாள் தண்ணீர் தெளித்து இறுக விட்டு, பிறகு ஃபேன் வைத்துக் காய விடுங்கள்.

வாட்டர் ப்ரூஃபிங்கை (தண்ணீர் புகாமல் தடுக்கும் பூச்சை) மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இரண்டு கோட், முதல் கோட்டுக்குக் குறுக்காக இரண்டாவது. தரை முழுவதும், சுவரில் ஒரு அடி உயரம் வரை, ஷவர் சுவரில் ஆறடி வரை. தரையும் சுவரும் சேரும் மூலையிலும் ட்ரெயின் வாயைச் சுற்றியும் வலைத்துணி வைத்துப் பூச வேண்டும், கசிவு ஆரம்பிப்பது அங்கேதான். வாட்டத்தையும் பாருங்கள். ஒரு மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை ட்ரெயின் பக்கம் சரிய வேண்டும்.

டைல்ஸ் வகையைப் பெட்டியில் பாருங்கள். போர்சலின் என்றால் அது உறிஞ்சும் தண்ணீர் 0.5 சதவீதத்துக்குள்தான், அதனால் வெறும் சீமெந்துச் சாந்து அதைப் பிடிக்காது. டைல் மோட்டார் (டைல்ஸ் ஒட்டும் பசைக் கலவை) என்று கேட்டு வாங்குங்கள், கொழும்பு பழைய சோனகத் தெருவின் ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கும். சாதாரணச் சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சும். அதைச் சாந்தில் பதிப்பதாக இருந்தால் முதலில் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். எதுவானாலும் விளிம்பில் பற்கள் வைத்த பூச்சுக் கரண்டியால் முழுவதும் தடவி ஒட்டச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் உருண்டை வைத்து ஒட்டினால் இடையில் பொந்து விழும், தண்ணீர் அங்கே தங்கும். மறுநாள் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள், டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் கிரவுட் (இடுக்கை அடைக்கும் கலவை) போடும் முன்பே அந்த டைலைக் கழற்றச் சொல்லலாம். சுவரும் சுவரும் சேரும் மூலையில் கிரவுட் வேண்டாம், சிலிக்கான் போடுங்கள். கிரவுட் அங்கே வெடித்துவிடும்.

எட்டு டைல்ஸ் விஷயம் இதற்கெல்லாம் முன்னால் சின்னது. பெட்டியின் பக்கத்தில் ஷேட் (நிறச்சாயல்) எண்ணும் அளவு எண்ணும் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண்ணைச் சொல்லி அதே கம்பெனியின் மற்றக் கிளைகளில் கேட்கச் சொல்லுங்கள், பல நேரம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால் வேறு ஷேட்டை ஒரே சுவரில் கலக்காதீர்கள், விளக்கு போட்டதும் கண்ணில் குத்தும். கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் வரும் இடத்திலும் கதவுக்குப் பின்னாலும் மட்டும் வேறு பேட்சை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முற்றிலும் வேறு நிறத்தைக் கோடு போல வைக்கலாம்: நான் ஷவர் சுவரில் ஒரு நிரை முழுவதும் வேறு நிறம் வைத்தேன், வேண்டுமென்றே வைத்தது போலத்தான் இருக்கிறது. அடுத்த முறை பத்து சதவீதம் கூட வாங்குங்கள், ஒரு பெட்டியை எடுத்து வையுங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பாஸைப் பற்றி. அவரை மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசியிருப்பீர்கள், அதில் பூச்சைத் தட்டுவதும் வாட்டம் வைப்பதும் அவருக்குக் கூலி இல்லாத வேலை. அதனால்தான் மேலே ஒட்டிவிடலாம் என்கிறார். அந்த வேலைகளுக்கு நாட்கூலியாகத் தனியாகப் பேசுங்கள், ஒட்டுவதற்கு மட்டும் சதுர அடிக் கணக்கு. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம், கட்டம் கட்டமாகக் கொடுங்கள். காலையில் அவர் வந்ததும் தேநீர் கொடுத்து அன்றைய வேலையை நின்று பேசுங்கள். சிங்களம் தெரியாவிட்டால் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டுங்கள், நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். போயா (பௌர்ணமி விடுமுறை) நாட்களில் வேலை நடக்காது. ஏப்ரல் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனால் வேலைக்குக் கிளம்பும் சுபநேரம் பார்த்துத்தான் திரும்புவார்கள். அதை முன்பே கணக்கில் வைத்துக்கொண்டால் மனக்கசப்பு வராது.

டைல்ஸ் ஒட்டும் முன்பு, வாட்டர் ப்ரூஃபிங் காய்ந்ததும், ட்ரெயினை அடைத்து இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்துங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் நிற்கும்போது கீழ்வீட்டுக்காரர்களிடம் சொல்லி, காலையும் மாலையும் அவர்கள் சீலிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே காய்ந்திருந்தால் பாஸிடம் முதல் டைலை எடுக்கச் சொல்லலாம்.