மெக்சிகோ நகரில் வழிகாட்டியோடு டாக்கோ நடைப்பயணம்: பணம் கொடுத்துப் போகலாமா?

கேள்வி: மெக்சிகோ நகரத்துக்கு முதல்முறையாகப் போகிறேன். அங்கே பழைய நகரப் பகுதியில், வழிகாட்டி ஒருவருடன் நடந்தபடியே மக்காச்சோள ரொட்டியில் இறைச்சியோ காயோ வைத்துத் தரும் தெருக்கடை டாக்கோக்களைச் சுவைத்துப் பார்க்கும் சுற்றுகள் நிறைய இருக்கின்றன. தெருவில் மலிவாகக் கிடைப்பதைச் சாப்பிட வழிகாட்டி எதற்கு? போனவர்கள் சொல்லுங்கள்.

பதில்: போங்கள். கடைசி நாளுக்குத் தள்ளிவைக்காமல், போய் இறங்கிய மறுநாளே போய்விடுங்கள். அங்கே கற்றுக்கொள்வது மீதி நாட்கள் முழுவதும் உதவும்.

மலிவு என்று நீங்கள் சொல்வது சரிதான். தெருக்கடையில் ஒரு டாக்கோ பெரும்பாலும் 20 முதல் 30 பெசோவுக்குள் கிடைத்துவிடும். ஒரு பெசோ ஏறக்குறைய 5 ரூபாய். சுற்றுக்குக் கட்டும் பணத்தில் நீங்களே தனியாகப் போய்ப் பல வேளை சாப்பிடலாம். ஆனால் அந்தப் பணம் உணவுக்கானது அன்று. எந்த நேரத்தில் எந்தக் கடை, அங்கே என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கானது. மெக்சிகோ நகரத்தில் டாக்கோவுக்கு வேளை உண்டு. காலையில் கூடை டாக்கோ. வார இறுதிக் காலைகளில், கற்றாழை இன மடல்களுக்குள் வைத்துக் குழியில் வேகவைத்த ஆட்டிறைச்சி, அதாவது பார்பகோவா. மதியத்தில் குழம்பு, பொரியல் வகைகளை வைத்துத் தரும் கிசாதோ கடைகள். பன்றி இறைச்சியைக் கம்பியில் அடுக்கிச் சுடும் அல் பாஸ்டோர் களைகட்டுவது மாலையில். இரவு நெடுநேரம் வரை, கொழுப்பில் வேகும் மாட்டிறைச்சியான சுவாதெரோ. இந்த ஒழுங்கு தெரியாதவருக்குக் காலை பதினொரு மணிக்கு நல்ல பாஸ்டோர் கிடைப்பது கடினம். மாலை ஆறு மணிக்குக் கூடை டாக்கோவைத் தேடினால் வெறுங்கூடைதான் மிஞ்சும். அதோடு, பெரும்பாலான நல்ல கடைகள் ஒன்றிரண்டு வகைகளை மட்டுமே செய்கின்றன. ஒரே வகையை இருபது முப்பது ஆண்டுகளாகச் செய்யும் கைகள் அவை. பட்டியலில் ஐம்பது வகை எழுதிவைத்து, வாசலில் நின்று ஆங்கிலத்தில் அழைக்கும் கடைகளை அங்கே வளர்ந்தவர்கள் எட்டிப்பார்ப்பதுகூட இல்லை.

நான் சேர்ந்தது காலையில் தொடங்கும் ஒரு சிறு குழு. வழிகாட்டி அந்த நகரத்திலேயே பிறந்து வளர்ந்த பெண். பெயாஸ் ஆர்தெஸ் என்னும் கலை மாளிகை அருகில் எங்களைச் சந்தித்தவுடன் அவர் சொன்ன முதல் வார்த்தை, "காலை உணவு சாப்பிட்டவர்கள் கையைத் தூக்குங்கள், உங்களுக்காக வருந்துகிறேன்" என்பதுதான். அங்கிருந்து மதேரோ தெரு வழியாக, வண்டிகள் நுழையாத அந்த நடைவீதியில், பெரிய சதுக்கமான சோகலோவை நோக்கி நடந்தோம்.

அந்தத் தெருவிலேயே லோஸ் எஸ்பெசியாலெஸ் என்ற கூடை டாக்கோ கடை இருக்கிறது. கூடை டாக்கோவை அடுப்பிலிருந்து நேராக எடுத்துத் தருவதில்லை. உருளைக்கிழங்கு, பீன்ஸ் மசியல், அழுத்தி வேகவைத்த பன்றித்தோல் என்று ஏதாவது ஒன்றை உள்ளே வைத்து மடித்த டோர்டியாக்களை, அதாவது மக்காச்சோள ரொட்டிகளை, கூடையில் வரிசையாக அடுக்கி, மேலே சூடான கொழுப்பையோ எண்ணெயையோ ஊற்றித் துணியும் பிளாஸ்டிக்கும் போட்டு மூடிவிடுகிறார்கள். அந்தச் சூட்டிலும் ஆவியிலும் டோர்டியா மெல்ல மெல்ல இளகி, உள்ளே இருப்பதோடு ஒன்றாகிவிடும். 'வியர்த்த டாக்கோ' என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. சைக்கிளின் பின்னால் கூடையைக் கட்டிக்கொண்டு விற்பவர்களை நகரம் முழுவதும் பார்க்கலாம். ட்லாஸ்கலா மாநிலத்தில் சான் விசெந்தே ஷிலோஷோசித்லா என்ற ஊர் இந்தத் தொழிலுக்கே பெயர்பெற்றது. கூடை டாக்கோ மொறுமொறுவென்று இருக்காது. கடிக்கக்கூட வேண்டாம், நாக்கில் கரையும். அதை முதல் நிறுத்தமாக வைப்பதே நல்ல வழிகாட்டிக்கு அடையாளம் என்று நினைக்கிறேன். டாக்கோ என்றால் மடித்த மொறுமொறுப்பான ஓடு என்று அமெரிக்க உணவகங்கள் நம் மனத்தில் பதித்து வைத்திருப்பது அந்த ஒரு வாயிலேயே அழிந்துவிடும்.

அடுத்து ஒரு நடைபாதையில், கரி அடுப்பின்மேல் கொமால் வைத்து உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் போனோம். கொமால் என்பது நம் தோசைக்கல் போன்றது. மண்ணிலும் உண்டு, இரும்பிலும் உண்டு. அவர் தட்டிக்கொண்டிருந்தது ட்லகோயோ. நீல மக்காச்சோள மாவுக்குள் பீன்ஸ் மசியலை வைத்து, இரு முனையும் கூராக நீள்வட்டமாகத் தட்டிச் சுடுவது. மேலே நொபால் என்னும் சப்பாத்திக்கள்ளி மடலை முள் நீக்கி, நறுக்கி, வேகவைத்துப் போடுகிறார்கள். வெங்காயம், கொஞ்சம் பாலாடைக்கட்டி, பச்சை சால்சா, அதாவது மிளகாய்ச் சட்னி. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் உணவு இது. 1521இல் ஸ்பானியர்களிடம் வீழ்ந்த அஸ்டெக் தலைநகரம் டெனொச்டிட்லான் நாம் நடக்கும் இந்தத் தெருக்களுக்கு அடியில்தான் கிடக்கிறது. 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டியபோது கொயோல்ஷாவ்கி என்ற பெண் தெய்வத்தின் பெரிய வட்டக்கல் கிடைத்தது. அதன் பிறகுதான் டெம்ப்லோ மயோர் கோயிலின் அகழாய்வு முழுவீச்சில் நடந்தது. அந்த நகரத்தில் மாடு இல்லை, பன்றி இல்லை, பாலாடைக்கட்டி இல்லை. மக்காச்சோளமும் பீன்ஸும் மிளகாயும் நொபாலும் இருந்தன. அந்த அம்மாவின் கொமாலில் இருப்பவற்றில் பெரும்பகுதி அவைதான். இதைக் கோயில் இடிபாடுகளுக்குப் பக்கத்தில் நின்று தின்னும்போது எனக்குச் சிலிர்த்தது. அருங்காட்சியகக் கண்ணாடிக்கு வெளியே, சூடாக, கையில் கிடைக்கும் பழைமை வேறு எங்கே இருக்கிறது?

மக்காச்சோள மாவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. சோளத்தை அப்படியே அரைத்தால் டோர்டியா வராது. சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவைத்து, கழுவி, ஈரமாகவே அரைக்க வேண்டும். வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே சுண்ணாம்பு. அது மேல்தோலைக் கழற்றுகிறது, மாவுக்கு ஒட்டும் தன்மை தருகிறது, சோளத்தில் உடலுக்குக் கிட்டாமல் பிணைந்திருக்கும் நியாசின் என்ற பி வைட்டமினை விடுவிக்கிறது. மக்காச்சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனவர்கள் இந்த வித்தையைக் கொண்டுபோகவில்லை. அதை மட்டுமே நம்பி வாழ்ந்த வட இத்தாலி ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லக்ரா நோய் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. மெக்சிகோவின் பாட்டிகளுக்கு வைட்டமின் என்ற சொல் தெரிந்திருக்க வேண்டியிருக்கவில்லை, செய்முறை தெரிந்திருந்தது. எங்கள் வழிகாட்டி ஒரு டோர்டியா ஆலைக்குள் அழைத்துப்போய், சுடச்சுட வெளிவந்த ஒன்றில் உப்பை மட்டும் தூவி, சுருட்டிக் கையில் கொடுத்தார். அன்று சாப்பிட்டவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் அந்த உப்பு டோர்டியாவைத்தான் சொல்வேன். இன்று பல கடைகள் பாக்கெட் மாவுக்கு மாறிவிட்டன. அதனால் பணம் கட்டுவதற்கு முன் சுற்று நடத்துபவரிடம், "ஊறவைத்து அரைத்த மாவில் செய்யும் இடத்துக்கு அழைத்துப்போவீர்களா?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் சொல்பவரையே தேர்ந்தெடுங்கள்.

காரம் பற்றி நம்மவர்களுக்கு ஒரு தன்னம்பிக்கை உண்டு. நம் சமையலறைக்கு மிளகாய் வந்ததே அந்த அமெரிக்க மண்ணிலிருந்து, போர்த்துகீசியர் வழியாகத்தான். அதற்கு முன் நமக்கு மிளகுதான். நாம் காய்ந்த மிளகாயைப் பெரும்பாலும் காரத்துக்கும் நிறத்துக்கும் பயன்படுத்துகிறோம். அவர்களோ மிளகாய்க்கு மிளகாய் மணத்தையும் சுவையையும் பிரித்துப் பார்க்கிறார்கள். பொப்லானோ மிளகாயைக் காயவைத்தால் ஆஞ்சோ. உலர்ந்த திராட்சையின் இனிப்பு அதில் இருக்கும். ஹலபேனோவைப் பழுக்கவிட்டுப் புகையில் உலர்த்தினால் சிபோட்லே. குவாஹியோவில் காரம் குறைவு, நல்ல சிவப்பு, லேசான புளிப்பு. சான் ஹுவான் சந்தையில் இவற்றை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கவைத்தார் எங்கள் வழிகாட்டி. சமைப்பவராக இருந்தால் அந்த நிறுத்தம் ஒன்றுக்காகவே நீங்கள் போகலாம். கடைகளில் சால்சாவைத் தனியாகக் கிண்ணத்தில் வைத்திருப்பார்கள். ஒரு துளியைத் தொட்டு ருசித்துவிட்டு ஊற்றிக்கொள்ளுங்கள். பச்சை என்றால் காரம் குறைவு என்ற கணக்கு அங்கே செல்லாது.

அல் பாஸ்டோர் கதை இன்னும் சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒட்டோமான் பேரரசின் லெபனான் பகுதியிலிருந்து மக்கள் மெக்சிகோவில் குடியேறினார்கள். நிமிர்ந்த கம்பியில் இறைச்சியை அடுக்கிச் சுழற்றிச் சுடும் வழக்கம் அவர்களோடு வந்தது. பியூப்லா நகரத்தில் அது 'அரபு டாக்கோ' ஆகி, ரொட்டியில் சுற்றித் தரப்பட்டது. தலைநகரத்துக்கு வந்தபோது ரொட்டி டோர்டியா ஆனது. இடையில் எங்கோ ஆட்டுக்குப் பதில் பன்றி வந்திருந்தது. மசாலாவுக்குக் குவாஹியோ மிளகாயும் அச்சியோட்டே என்னும் சிவப்பு நிற விதையும். பல கடைகளில் உச்சியில் ஓர் அன்னாசிப்பழத்தையும் செருகி வைத்திருப்பார்கள். 1959இல் தொடங்கிய எல் உவெகிட்டோ பழைய நகரப் பகுதியிலேயே இருக்கிறது. சுற்று மதியம் தாண்டி முடிவதாக இருந்தால் இப்படியொரு கடையில் முடிவது நல்லது. நெருப்புக்கு முன் நிற்கும் தாக்கேரோ, அதாவது டாக்கோ போடுபவர், தாள் போல மெல்லியதாகச் சீவி, கையிலிருக்கும் டோர்டியாவில் விழவைப்பதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

இனி, சாப்பாட்டுக் கட்டுப்பாடு உள்ளவர்களுக்கு. பாஸ்டோர் பன்றி, சுவாதெரோ மாடு. மாடு, பன்றி இரண்டையும் தவிர்ப்பவர் என்றால் பதிவு செய்யும்போதே எழுதிவிடுங்கள். தெருவில் நின்று சொன்னால் வழிகாட்டிக்கு வேறு ஏற்பாடு செய்ய நேரமிருக்காது. ஹலால் பார்ப்பவர்களுக்கு இந்தச் சுற்று பொருந்தாது என்றே சொல்வேன், ஒரே கல்லில்தான் எல்லாம் புரளும். சைவர்கள் தயங்க வேண்டியதில்லை, ஆனால் எச்சரிக்கை தேவை. ட்லகோயோ, பூசணிப்பூவை டோர்டியாவில் மடித்துச் சுடும் கேசடியா, மக்காச்சோளக் கதிரில் வளரும் கரும்பூஞ்சையான விட்லகோச்சே, நொபால் என்று நிறைய உண்டு. பூஞ்சை என்றவுடன் முகம் சுளிக்காதீர்கள், காளானை விடச் செறிவான சுவை அது. சிக்கல் பன்றிக்கொழுப்பில்தான். பீன்ஸ் மசியலை அதில் தாளித்திருக்கலாம், மாவிலும் பிசைந்திருக்கலாம். "சின் கார்னே" என்றால் இறைச்சி வேண்டாம் என்பது மட்டும்தான். "சின் மன்டேகா" என்று கொழுப்பையும் சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: தலைநகரத்தில் கேசடியா கேட்டால் பாலாடைக்கட்டி தானாக வராது. வேண்டுமென்றால் "கோன் கேசோ" என்று சொல்ல வேண்டும். மற்ற மாநிலத்தவர்கள் இதற்காகத் தலைநகரத்துக்காரர்களோடு ஓயாமல் சண்டை பிடிப்பார்கள்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள். கூட்டம் நிற்கும் கடையில் சாப்பிடுங்கள். அங்கே உணவு தங்குவதில்லை. நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் முதல் நாள் கொஞ்சம் மூச்சு வாங்கும், மெதுவாக நடங்கள்.

2024இல் மிஷ்லின் என்ற உணவக வழிகாட்டி நூலின் நட்சத்திரம் பெற்ற எல் கலிஃபா தே லியோன் என்ற சிறு டாக்கோ கடையைக் காட்டுவதாகச் சில விளம்பரங்கள் சொல்லக்கூடும். அது சான் ரஃபேல் பகுதியில், பழைய நகரத்துக்கு வெளியே இருக்கிறது. நல்ல கடைதான், ஆனால் வரிசையில் நிற்கும் நேரத்துக்குப் பழைய நகரத்தில் மூன்று கடைகளைப் பார்த்துவிடலாம். அந்தக் கடைக்குத் தனியாக வேறொரு நாள் போங்கள்.

சுற்று முடிந்த அன்று இரவே, வழிகாட்டி இல்லாமல், பொலிவார் தெருவில் இருக்கும் லோஸ் கொகுயோஸுக்குப் போங்கள். சுவர் ஓரமாக ஒரு சின்னத் திறப்பு, நடுவே மேடான கொமால், சுற்றிலும் கொழுப்பில் கொதிக்கும் இறைச்சி வகைகள். மாடு சாப்பிடுபவர் என்றால், "தோஸ் தே சுவாதெரோ, கோன் தோதோ" என்று சொல்லுங்கள்; இரண்டு சுவாதெரோ, வெங்காயமும் கொத்தமல்லியும் போட்டு வரும். எலுமிச்சையைப் பிழிந்து, முழங்கையைத் தூக்கி, உடம்பை முன்னால் சாய்த்து, தலையைத் திருப்பிக் கடியுங்கள். சாறு சட்டையில் விழாது. பணத்தை முதலில் நீட்டாதீர்கள். சாப்பிட்டு முடித்த பிறகு எத்தனை என்று கேட்பார்கள், நீங்கள் சொல்லும் எண்ணிக்கையை நம்புவார்கள். சில்லறை நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.