காலில் நரம்பு சுருண்டு நிற்பது ஏன்?

கேள்வி: மண்டபம் ஊரில் மீன் தரம் பிரிக்கும் வேலை. வயது 44. விடிகாலையிலிருந்து உச்சிவெயில் வரை நின்றபடிதான். இடது கெண்டைக்காலில் நரம்பு பச்சையாகப் புடைத்துச் சுருண்டிருக்கிறது. சாயங்காலம் கணுக்கால் வீங்குகிறது. வலை இழுக்கும் என் வீட்டுக்காரருக்கும் கையெல்லாம் நரம்பு தெரிகிறது, ஆனால் வலி இல்லை. நரம்புச் சத்து மாத்திரை போட்டால் சரியாகுமா?

பதில்: ஆகாது. பேச்சுவழக்கில் நரம்பு என்கிறோமே தவிர, அது சிரை. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். அந்த மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை. பச்சையாகத் தெரிவதும் தோலில் வெளிச்சம் படும் விதத்தால்தான். உள்ளே ஓடுவது கருஞ்சிவப்பு ரத்தம்.

வீட்டுக்காரரைப் பற்றிக் கவலை வேண்டாம். வலை இழுக்கும்போது தசை விம்மிச் சிரையை மேலே தள்ளும், வெயிலுக்கு அது விரியும், தோலடியில் கொழுப்பும் குறைவாக இருக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கினால் சற்று நேரத்தில் அமுங்கிவிடும்.

உங்கள் கால் கதை வேறு. கால் சிரைக்குள் ரத்தத்தை மேலே மட்டும் விடும் வால்வுகள் உண்டு. அவை இறுகாமல் போனால் ரத்தம் கீழே வழிந்து தேங்கும். அசையாமல் நிற்கையில் கணுக்கால் சிரையில் அழுத்தம் 80 முதல் 90 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். நல்ல காலில் நாலடி நடந்தால் கெண்டைச் சதை பிழிந்து அது 30 அளவுக்கு இறங்கும். வால்வு கெட்ட காலில் அவ்வளவு இறங்காது. 3 மி.மீ.க்கு மேல் தடித்துச் சுருண்டால் அதுதான் வெரிகோஸ்.

நிற்கும் இடத்திலேயே அரை மணிக்கொரு தடவை குதிகாலை 20 முறை தூக்கி இறக்குங்கள். இரவில் காலடியில் இரண்டு தலையணை. அழுத்தக் காலுறையைக் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே மாட்ட வேண்டும். வீங்கிய பிறகு மாட்டுவதும் கஷ்டம், பலனும் குறைவு. சர்க்கரை இருந்தால், பாதத்தில் நாடித்துடிப்பை மருத்துவர் பார்த்த பிறகே காலுறை. எண்ணெய் போட்டு அழுத்தி நீவாதீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். சிரையில் ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனை நிற்க வைத்துத்தான் எடுக்க வேண்டும். படுத்தால் ரத்தம் கீழே வழிவது சரியாகத் தெரியாது. லேசரில் அந்தச் சிரையை மூடினாலும் பயமில்லை, காலின் ரத்தத்தில் பெரும்பங்கு ஆழச் சிரைகள் வழியாகத்தான் போகிறது.

உள்கணுக்கால் தோல் கறுத்துத் தடித்தால் தள்ளிப்போடாதீர்கள். அங்கே சிப்பி கீறினாலும் புண் மாதக்கணக்கில் ஆறாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே போக வேண்டும். மூச்சு வாங்கினால் உடனே 108. சிரை வெடித்து ரத்தம் பீச்சினால் கயிறு கட்டாதீர்கள்: படுத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் 10 நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள்.