பூசணி கேட்டால் எந்தக் காய் வரும்?

வட்டாரச் சொற்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: பிறந்தது அம்பாசமுத்திரம், வாழ்க்கைப்பட்டது சென்னையில். பூசணிக்காய் வாங்கி வரச் சொன்னால் வீட்டுக்காரர் வெள்ளைக்காயோடு வந்து நிற்கிறார். நான் கேட்டது மஞ்சள் காய். யார் சொல்வது சரி? – வாசகி, தாம்பரம்

ப: இரண்டு பேர் சொல்வதும் சரி. சென்னை, காஞ்சிபுரம் பக்கம் பூசணி என்றால் வெள்ளைச் சதை உள்ள காய். மஞ்சள் காய்க்கு அங்கே பரங்கிக்காய் என்று பெயர். நெல்லையிலும் குமரியிலும் மஞ்சள் காய்தான் பூசணி, வெள்ளைக்காய் தடியங்காய். கோவை, ஈரோட்டுச் சந்தையில் மஞ்சள் காயை அரசாணிக்காய் என்று கேட்க வேண்டும். தஞ்சைப் பக்கம் வெள்ளைக்காய் கல்யாணப் பூசணி. யாழ்ப்பாணத்தில் வெறும் பூசணி என்றால் மஞ்சள், வெள்ளைக்காய் நீற்றுப்பூசணி. முற்றிய காயின் தோலைத் தடவினால் விரலில் வெண்மையாக ஒட்டுகிறதே, அந்த நீறுதான் பெயரில் இருக்கிறது.

பரங்கிக்காய் என்ற பெயரும் சும்மா வந்ததில்லை. பறங்கியர் என்று நம்மவர்கள் அழைத்தது போர்த்துகீசியர் முதலான ஐரோப்பியரை. அமெரிக்கக் கண்டத்துக் காய் கடல் கடந்து இங்கே வந்தபோது அவர்கள் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது.

ஒரு பொருளுக்குப் பத்துப் பெயர் இருப்பதால் சமையல் கெடுவதில்லை. தெரியாத பெயர் என்றால் யாரிடமாவது கேட்டுவிடுவோம். ஒரே பெயர் இரண்டு பொருளைக் குறிக்கும்போது கேட்கவே தோன்றாது. கெடுவது அங்கேதான். சென்னைக்காரர் எழுதிய மோர்க்குழம்புக் குறிப்பில் 'பூசணி' என்றிருப்பதைப் பார்த்து மஞ்சள் காயைப் போட்டால், காய் குழைந்து கரையும், இனிப்பு இறங்கி மோரின் புளிப்பை அமுக்கிவிடும். காசி அல்வாவுக்கும் வெள்ளைக்காய்தான். துருவிப் பிழிந்த நீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கும் அளவுக்கு நீர் உள்ள காய் அது. குமரி வீட்டு எரிசேரிக்கு மஞ்சள் காய் வேண்டும். கடைக்கு அனுப்பும்போது பெயரோடு நிறத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

கே: இலங்கைத் தோழி அனுப்பிய ரசக் குறிப்பில் 'உள்ளி 10' என்று இருக்கிறது. பத்துச் சின்ன வெங்காயம் தட்டிப் போட்டேன், ரசமாகவே இல்லை. – வாசகி, நாகர்கோவில்

ப: உங்கள் ஊரில் உள்ளி சின்ன வெங்காயம். உள்ளித் தீயல் வைப்பது அதில்தான். இலங்கையில் உள்ளி என்றால் பூண்டு. தோழி கேட்டது பத்துப் பல் பூண்டு. 'பல்' என்ற சொல் குறிப்பில் இருந்திருந்தால் அதுவே காட்டிக்கொடுத்திருக்கும், வெங்காயத்துக்கு யாரும் பல் கணக்குச் சொல்வதில்லை.

பெரிய வெங்காயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. நெல்லை, தூத்துக்குடியில் அது பல்லாரி, கர்நாடகத்துப் பெல்லாரியிலிருந்து வந்த பெயர். இலங்கையில் பம்பாய் வெங்காயம்.

கே: பாட்டியின் பழைய நோட்டில் சர்க்கரைப் பொங்கலுக்கு 'அரிசி உழக்கு, சர்க்கரை அரைப்படி' என்று எழுதியிருக்கிறது. இத்தனை சர்க்கரையா? உழக்கு என்றால் இன்றைக்கு எவ்வளவு? – வாசகர், திருச்சி

ப: அந்தச் சர்க்கரை வெள்ளைச் சீனி இல்லை, வெல்லம். சர்க்கரைப் பொங்கல் என்ற பெயரிலேயே பழைய பொருள் இன்னும் நிற்கிறது, வெள்ளைச் சீனி போட்டு அதை யாரும் வைப்பதில்லை. மதுரைக்குத் தெற்கே இப்போதும் வெள்ளையாக இருப்பது சீனி. வடக்கே அதே வெள்ளைக்குச் சர்க்கரை என்ற பெயர் வந்துவிட்டதால், வெல்லத்தூளுக்கு 'நாட்டு' என்று முன்னே சேர்த்து நாட்டுச் சர்க்கரை என்கிறோம். சென்னையில் பழைய ஆட்கள் வாயில் அஸ்கா என்ற சொல்லும் உண்டு. அது சர்க்கரை ஆலை இருந்த ஊரின் பெயர். அந்த ஊர் உள்ள கஞ்சம் மாவட்டம் இன்று ஒடிசாவில் இருக்கிறது, 1936 வரை சென்னை மாகாணத்தில்தான் இருந்தது.

அளவுக்கு வருவோம். படியில் பாதி உரி, கால் பங்கு உழக்கு, அரைக்கால் ஆழாக்கு. படியே ஊருக்கு ஊர் கூடியும் குறைந்தும் இருந்தது, ஆகவே பாட்டியின் உழக்கை மில்லிலிட்டரில் பிடிக்கப் பார்க்க வேண்டாம். அரைப்படி என்பது இரண்டு உழக்கு. ஒரு டம்ளர் அரிசிக்கு அதே டம்ளரால் இரண்டு டம்ளர் பொடித்த வெல்லம் போடுங்கள், கணக்குச் சரியாக வரும். கட்டியாக அளந்தால் இடைவெளி விழுந்து இனிப்புக் குறையும். அதே அளவுக்கு வெள்ளைச் சீனி போட்டால் திகட்டும்.

கே: வீடு பெருக்குவதற்கு 'விளக்குமாறு' என்று ஏன் பெயர்? விளக்குக்கும் அதற்கும் என்ன உறவு? – மாணவி, சேலம்

ப: பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம். அந்த விளக்குதல்தான் இது, துலக்குதல் என்று பொருள். மாறு என்பது வளார், குச்சி. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து முடிந்தபின் காய்ந்து நிற்கும் செடியைப் பருத்திமாறு என்கிறார்கள். குச்சிகளைக் கட்டாகக் கட்டித் துலக்கினால் விளக்குமாறு, ஈர்க்கைக் கட்டினால் ஈர்க்குமாறு. கொங்குப் பக்கத்துச் சீமாறும் இந்தக் குடும்பம்தான், சீத்தல் என்றால் கூட்டித் தள்ளுதல். நெல்லையின் வாரியல் 'வாரு'வதிலிருந்தும், சென்னையின் தொடப்பம் 'துடை'ப்பதிலிருந்தும் வந்தவை. இலங்கையில் தேங்காய்த் தும்பை நீளக் கம்பில் பொருத்தியதற்குத் தும்புத்தடி என்று பெயர். படிப்பறிவில்லாத பேச்சு என்று சிலர் ஒதுக்கும் சீமாறுதான் இவற்றில் மிகச் செறிவான சொல் என்பது எங்கள் எண்ணம்.

கே: மல்லாட்டை என்பது தனிப் பயிரா? – வாசகர், கோவை

ப: உங்கள் ஊர்க் கடலைக்காய்தான். விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலைப் பக்கம் மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. மற்ற இடங்களில் வேர்க்கடலை, நிலக்கடலை. இலங்கையில் கச்சான், அங்கே 'கடலை' என்று கேட்டால் கொண்டைக்கடலை கொடுப்பார்கள்.

கே: எங்கள் ஊர்ச் சொற்களைத் தொகுக்க ஆசை. எப்படித் தொடங்குவது? – ஆசிரியை, சிவகங்கை

ப: பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். 'கொட்டாங்குச்சிக்கு இங்கே என்ன பேர்?' என்று கேட்டால் பாதிப் பேர் 'கொட்டாங்குச்சிதான்' என்று மரியாதைக்குச் சொல்லிவிடுவார்கள். தேங்காய் ஓட்டைக் காட்டி 'இது என்ன ஆத்தா?' என்று கேளுங்கள். சொன்னதைச் சொன்ன ஒலியிலேயே எழுதுங்கள், எழுத்து வழக்குக்குத் திருத்த வேண்டாம். ஊர்ப் பெயர், சொன்னவரின் வயது, செய்யும் தொழில் மூன்றும் கட்டாயம். ஒரே தெருவில் குயவர் வீட்டுச் சொல்லும் தச்சர் வீட்டுச் சொல்லும் வேறாக இருக்கும். அந்தச் சொல் வரும் ஒரு முழு வாக்கியத்தையும் அவர் வாயாலேயே கேட்டு வாங்குங்கள், அது இல்லாவிட்டால் பத்து ஆண்டு கழித்து உங்களுக்கே பொருள் நிச்சயமாகத் தெரியாது. இப்படி எழுதினால் போதும்:

செரட்ட – தேங்காய் ஓடு. நெல்லைப் பக்கக் கிராமம், 70 வயது, விவசாயம். 'செரட்டயப் போட்டு அடுப்ப மூட்டு, வெறகு நனஞ்சு கெடக்கு.'