ஒரு காலனி நாடு "இன்று முதல் நாங்கள் சுதந்திர நாடு" என்று தானே அறிவித்துக்கொண்டால் அது செல்லுமா?

யார் கணக்கில் என்பதைப் பொறுத்தது. டச்சுக் காலனியாக இருந்த இந்தோனேசியாவில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அப்படி அறிவித்தார்கள். அதை டச்சுக்காரர்களை ஒப்புக்கொள்ள வைக்க நாலு வருஷம் சண்டை போட வேண்டியிருந்தது. தேதியை ஒப்புக்கொள்ள வைக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

வேலைக்காக ஜகார்த்தாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே இமாம் போன்ஜோல் சாலையில் ஒரு பழைய பங்களா, இப்போது அருங்காட்சியகம். 1945-ல் அது ஜப்பானியக் கடற்படை அதிகாரி மயேதாவின் வீடு. உலகப்போரில் டச்சுக்காரர்களை விரட்டிவிட்டு அப்போது ஜப்பான்தான் அங்கே ஆண்டுகொண்டிருந்தது. ஆகஸ்ட் 15 அன்று ஜப்பான் சரணடைந்தது. டச்சுக்காரர்கள் திரும்பி வருவதற்குள் அறிவித்துவிட வேண்டும் என்று இளைஞர்கள் துடித்தார்கள். விடுதலை இயக்கத் தலைவர்களான சுகர்னோவும் ஹத்தாவும் தயங்கினார்கள். மறுநாள் விடியற்காலையில் இளைஞர்கள் இருவரையும் ரெங்காஸ்டெங்க்ளோக் என்ற ஊருக்குத் தூக்கிக்கொண்டே போய்விட்டார்கள். ஒருவழியாகப் பேசி முடித்து, அன்றிரவே திரும்பி, மயேதா வீட்டில் உட்கார்ந்து அறிவிப்பை எழுதினார்கள்.

அடித்தல் திருத்தலோடு இருக்கும் அந்தத் தாளின் நகலை அங்கே பார்த்தேன். மொத்தமே இரண்டு வாக்கியம். முதலாவது, இந்தோனேசிய மக்களாகிய நாங்கள் விடுதலையை அறிவிக்கிறோம் என்பது. இரண்டாவது, அதிகார மாற்றம் 'முதலியவை' கவனமாகவும் கூடிய சீக்கிரத்திலும் நடத்தப்படும் என்பது. ஆமாம், சுதந்திர சாசனத்தில் 'முதலியவை'! எனக்கு அந்தச் சொல்தான் ரொம்பப் பிடித்தது. நடு ராத்திரி, நோன்பு மாதம், வெளியே ஜப்பான் ராணுவம். வேறு என்ன எழுதியிருக்க முடியும்? வருஷத்தைக்கூட '05 என்றுதான் போட்டிருக்கிறார்கள். அது ஜப்பானியக் கணக்கில் 2605. டைப் அடித்ததும் கையெழுத்துப் பிரதி குப்பைக்குப் போனது. தியா என்ற பத்திரிகையாளர் எடுத்துப் பத்திரப்படுத்தி, 1992-ல்தான் அரசிடம் கொடுத்தார்.

ஆகஸ்ட் 17 காலை பத்து மணிக்கு, காய்ச்சலோடு எழுந்து வந்து தன் வீட்டு முன்னால் சுகர்னோ அதை வாசித்தார்.

அந்த 'முதலியவை'க்குள் என்னென்ன அடங்கியிருந்தது என்பது அப்புறம்தான் தெரிந்தது. ஜப்பானியரை நிராயுதபாணியாக்க வந்த பிரிட்டிஷ் படையோடு நவம்பரில் சுரபயாவில் பெரிய சண்டை. அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்பதைப் படித்தபோது சங்கடமாக இருந்தது. பிறகு டச்சுக்காரர்கள் 1947-லும் 1948 டிசம்பரிலும் முழுப் படையெடுப்பு நடத்தி, அதற்கு 'போலீஸ் நடவடிக்கை' என்று பெயர் வைத்தார்கள். இரண்டாம் தடவை சுகர்னோவையும் ஹத்தாவையும் சிறைபிடித்தும் கெரில்லாச் சண்டை ஓயவில்லை. அதற்கு முன்பே, 1947-ல், பின்னாளில் ஒடிசா முதல்வரான பிஜு பட்நாயக் விமானம் ஓட்டிப் போய், இந்தோனேசியப் பிரதமராக இருந்த ஷாரிரை வெளியே கொண்டு வந்தார். 1949 ஜனவரியில் நேரு இந்தோனேசியாவுக்காக டெல்லியில் மாநாடு கூட்டினார். போருக்குப்பின் ஐரோப்பாவைத் தூக்கி நிறுத்த அமெரிக்கா கொடுத்துவந்த மார்ஷல் திட்டப் பணம் நின்றுபோகலாம் என்று அமெரிக்காவில் பேச்சு எழுந்ததும்தான் டச்சுக்காரர்கள் இறங்கி வந்தார்கள்.

1949 டிசம்பர் 27 அன்று ஆட்சியுரிமை கைமாறியது. சும்மா இல்லை: சுமார் 430 கோடி கில்டர் (டச்சு நாணயம்) கடனையும் இந்தோனேசியாவின் தலையில் கட்டினார்கள். தங்களை அடக்க வந்த படைக்கு ஆன செலவும் அதில் சேர்த்தி. 1956-ல் சுகர்னோ மீதியைக் கட்ட முடியாது என்று சொல்லிவிட்டார், சரியாகத்தான் செய்தார்.

டச்சு அரசு வெகுகாலம் அந்த 1949 தேதியையே பிடித்துக்கொண்டிருந்தது. 2005-ல் அரைமனதாக இறங்கி வந்தது. 1945 ஆகஸ்ட் 17-ஐ முழுமையாக ஏற்கிறோம் என்று பிரதமர் ரூட்டே சொன்னது 2023-ல். ஜகார்த்தாவில் அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 17 வந்தால் நான் இருந்த தெருவில் பாக்குமரத்தை நட்டு, எண்ணெய் தடவி, உச்சியில் வாளியும் சட்டையும் கட்டித் தொங்கவிடுவார்கள். நம்மூர் வழுக்குமரமேதான். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிச் சறுக்கி விழுந்து, கடைசியில் ஒரு பையன் வாளியைப் பறிக்கும்போது சாயங்காலம் ஆகிவிடும்.