வாங்கும் முன் கேளுங்கள்: வேப்பிலைக்கு 65 ரிங்கிட்டா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்திலிருந்து இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேம்பைப் பற்றியவை.

கேள்வி: அக்கா, இரவுச் சந்தையில் 65 ரிங்கிட்டுக்கு வேப்பிலை கேப்சூல் வாங்கினேன். 'அசாடிராக்டின் நிறைந்தது, 3 மாதத்தில் நீரிழிவு குணமாகும்' என்று புட்டியில் இருக்கிறது. என் கணவர் கிளினிக் மாத்திரையை நிறுத்திவிட்டார். தொடரலாமா?
(செம்பனைத் தோட்ட வாசகி)

பதில்: வேண்டாம் அம்மா. நாளை காலையே அவரைக் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். புட்டியையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வேப்பிலைக்குச் சர்க்கரையைக் குறைக்கும் தன்மை ஓரளவு உண்டு. மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். மாத்திரையை விட்டுவிட்டு இதை மட்டும் நம்பினால் சர்க்கரை ஏறிவிடும்.

புட்டியில் எழுதியவருக்கு வேம்பே தெரியவில்லை. அசாடிராக்டின் பெரும்பாலும் வேப்பங்கொட்டையில் இருப்பது. பயிரைத் தின்னும் பூச்சிகளை விரட்டப் பயன்படுவது. இலையின் கசப்புக்கு நிம்பின், நிம்போலைடு போன்றவை காரணம். குவெர்செடின் என்ற தாவரச் சேர்மமும் அதில் உண்டு. இவை எதுவும் மூன்று மாதத்தில் நீரிழிவைத் தீர்க்காது. நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதையே 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. அப்படியிருந்தும் ஒவ்வொரு சந்தையிலும் இந்தப் புட்டிகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பாரம்பரிய மருந்துப் புட்டியில் 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, எட்டு இலக்கங்களுக்குப் பின் 'டி' (T) எழுத்து வரும் பதிவு எண்ணைத் தேடுங்கள். அது இல்லையென்றால் கையில் எடுக்காதீர்கள். என் அம்மாவின் கால் புண்ணுக்கு நான் எண் பார்க்காமல் 90 ரிங்கிட் கொடுத்து வேப்பிலைக் களிம்பு வாங்கினேன். மூன்று வாரம் தடவினோம், புண் பெரிதானது. பணம் போனதைவிட அந்த மூன்று வாரம்தான் இன்றும் உறுத்துகிறது.

கேள்வி: பேரனுக்குச் சின்னம்மை. ஒரு கட்டு வேப்பிலை 12 ரிங்கிட் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: எதற்கு? மாரியம்மன் கோயிலில் கேளுங்கள், ஒரு கொத்து ஒடித்துத் தருவார்கள். படுக்கையில் பரப்புங்கள்; தலைக்குத் தண்ணீர் விடும் நாளில் இலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த நீரை ஊற்றுங்கள். மலாய்க்காரர்களும் 'செமாம்பு' என்று இதே இலையைத்தான் தேடுகிறார்கள். காய்ச்சல் இறங்காவிட்டாலோ மூச்சு வாங்கினாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்குச் சளி. வேப்பெண்ணெய் சில துளி புகட்டலாமா? எந்த வகை வாங்குவது?

பதில்: எந்த வகையும் கூடாது. வேப்பெண்ணெய் குடித்த குழந்தைகள் வலிப்பு கண்டு மோசமானதை 1980களின் தொடக்கத்திலேயே நம் நாட்டு மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

கேள்வி: வாங்கிய வேப்பிலைப் பொடி காலாவதியானது. ரசீது வாங்கவில்லை, விற்றவர் யாரென்றும் தெரியாது. பணம் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. தேதி பொட்டலத்தின் மேலேயே இருந்திருக்கிறது. படிக்க அரை நிமிடம்கூட உங்களுக்கு இல்லையா?

கேள்வி: வீட்டுக்கே வந்து, மூட்டுவலி தீருமென்று ஆறு புட்டிக்கு 480 ரிங்கிட் வாங்கிச் சென்றார்கள். ரசீது இருக்கிறது. போனை எடுப்பதில்லை. எனக்கு 71 வயது.

பதில்: பாட்டி, தவறு உங்களுடையது அல்ல. பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டி மனு கொடுக்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீதைப் படம் எடுத்து வையுங்கள், அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள். மனுவை நிரப்பத் துணை வேண்டுமென்றால் மறுபடி எழுதுங்கள், நானே வருகிறேன்.